காத்திருக்காத சரக்கு

நுழையும்முன்

விளைவது ஓரிடம், உண்பது வேறிடம். இவ்விரண்டுக்கும் இடையே ஓடும் ஊர்தியைப் பற்றி நாம் மிகுதியாக எண்ணிப் பார்ப்பதில்லை. பறித்த நொடியிலிருந்து வாடத் தொடங்கும் கீரைக்கும் கனிக்கும் அவ்வூர்தியே உயிர்நாடி. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குளிர்பதனச் சரக்குந்துகளின் கட்டணம் பருவந்தோறும் ஏறி இறங்குவது ஏன், அதன் சுமையைத் தாங்குவோர் யாவர் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

இடம் மாறும் விளைநிலம்

சனவரி மாதத்தில் நியூயார்க் நகரைச் சுற்றியுள்ள நிலம் உறைந்து கிடக்கும். ஆயினும் அந்நகரக் கடைகளில் லெட்டூஸ் என்னும் இலைக்காய் பச்சைப்பசேலென அடுக்கப்பட்டிருக்கும். அது நாட்டின் தென்மேற்கு மூலையில், மெக்சிகோ எல்லையை ஒட்டியுள்ள யூமா பகுதியில் விளைந்தது. அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த யூமா ஒரு பாலைநிலம். கொலராடோ ஆற்றுநீரே அதனை விளைநிலமாக்கியது. நவம்பர் முதல் மார்ச் வரை நாட்டின் இலைக்காய்களில் பெரும்பகுதி அங்கிருந்தே செல்கிறது.

வேனில் நெருங்கியதும் யூமாவில் வெப்பம் ஏறுகிறது. லெட்டூஸ் செடி பூந்தண்டு விட, இலை கசக்கத் தொடங்குகிறது. அவ்வேளையில் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு அறுவடைக்கு அணியமாகிறது. பசிபிக் கடற்காற்றால் கோடையிலும் குளிர்ந்திருக்கும் அப்பள்ளத்தாக்கில் ஏப்ரல் முதல் இலையுதிர்காலம் வரை அறுவடை நடைபெறும். இலைகளைக் கழுவி நறுக்கிப் பொதியும் எந்திரங்களையே கழற்றிச் சரக்குந்துகளில் ஏற்றி, 800 கிலோமீட்டருக்கும் அப்பால் கொண்டுசென்று மீண்டும் பொருத்தும் நிறுவனங்களும் உண்டு. இவ்விடமாற்றம் ஆண்டுக்கு இருமுறை நிகழ்கிறது.

பிற பயிர்களும் இவ்வாறே முறைவைத்து வருகின்றன. குளிர்காலத்தில் மெக்சிகோவின் தக்காளியும் வெள்ளரியும் குடைமிளகாயும் நோகாலெஸ் எல்லை வழியாக நுழைகின்றன. வசந்தத்தில் புளோரிடாவின் தக்காளி, மக்காச்சோளம், பீன்சு ஆகியவை பெருகுகின்றன. ஏப்ரலில் ஜார்ஜியா மாநிலத்தின் இனிப்பான விடாலியா வெங்காயமும், மே மாத நடுவில் அம்மாநிலத்தின் பீச் பழமும் வருகின்றன. கோடையில் கலிபோர்னியாவின் திராட்சையும் பிற கனிகளும் குவிகின்றன. இலையுதிர்காலத்தில் ஐடஹோவின் உருளைக்கிழங்கும் வாஷிங்டன் மாநிலத்தின் ஆப்பிளும் அறுவடையாகின்றன. ஓராண்டில் விளைச்சலின் மையம் தெற்கிலிருந்து வடக்கே சென்று மீண்டும் தெற்கே திரும்புகிறது. அதனைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான சரக்குந்துகளும் இடம்பெயர வேண்டியுள்ளது.

குளிரைக் காக்கும் வண்டி

குளிர்பதனச் சரக்குந்து என்பது சக்கரம் பூட்டிய குளிர்சாதனப் பெட்டி என்று நாம் கருதுகிறோம். ஆனால் வெப்பமான பொருளைக் குளிர்விப்பது அதன் பணியன்று. முன்பே குளிர்விக்கப்பட்ட பொருளை அந்நிலையில் வைத்திருப்பதே அதன் பணி. ஆகவே, வயலில் பறித்த லெட்டூசை முதலில் காற்றழுத்தம் குறைந்த அறைக்குள் வைப்பர். அங்கே இலையிலுள்ள நீரில் ஒரு சிறுபகுதி ஆவியாகி, உள்வெப்பத்தையும் கவர்ந்துகொண்டு வெளியேறும். அரைமணி நேர அளவில் இலை குளிர்ந்துவிடும். அதன் பின்னரே அது வண்டியில் ஏறுகிறது.

ஒவ்வொரு விளைபொருளும் தனக்கேற்ற வெப்பநிலையைக் கேட்கிறது. லெட்டூசுக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் 0° செல்சியசு ஏற்றது. வாழைப்பழத்திற்கு 13° முதல் 14° வரை தேவை. அதற்குக் கீழே சென்றால் தோல் கறுத்துவிடும். ஆப்பிள் வெளியிடும் எத்திலீன் வளியால் லெட்டூசில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். எனவே, இடமிருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே வண்டியில் அடைக்க இயலாது. வண்டிகளின் எண்ணிக்கை போதுமானதாகத் தோன்றும் நாளிலும் பற்றாக்குறை நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெரிந்து தெளிவோம்

சரக்குந்தில் பொருத்தத்தக்க குளிர்பதனக் கருவியை 1938ஆம் ஆண்டளவில் உருவாக்கியவர் பிரெடரிக் மெக்கின்லி ஜோன்ஸ் (1893–1961). இளமையிலேயே பெற்றோரின் அரவணைப்பை இழந்த இந்த ஆப்பிரிக்க அமெரிக்கர், பள்ளிக்கல்வியை நிறைவுசெய்யாமல் தம் முயற்சியாலேயே பொறியியலைக் கற்றவர். அவருக்கு முன்பு, தொலைவிடங்களுக்குச் சென்ற காய்கனிகள் பனிக்கட்டி நிரப்பிய தொடர்வண்டிப் பெட்டிகளையே பெரிதும் நம்பியிருந்தன. வழிநெடுகப் பனிக்கட்டியை மீண்டும் மீண்டும் நிரப்ப வேண்டியிருந்தது. 1991ஆம் ஆண்டு, மறைவுக்குப் பின், அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது.

ஏறும் கட்டணம், இறங்கும் கட்டணம்

தேவை மிகும்போது விலை உயரும். அளிப்பு மிகும்போது விலை தாழும். இது பொருளியலின் அடிப்படை. ஆனால் காய்கனிப் போக்குவரத்தில் இவ்விதி மற்றத் துறைகளைவிடக் கூர்மையாக வெளிப்படுகிறது. இரும்புக் கம்பி ஏற்ற வேண்டியவர் இன்று வண்டி கிடைக்காவிட்டால் அடுத்த வாரம் ஏற்றலாம், கம்பி வாடாது. ஸ்ட்ராபெர்ரி விளைவித்தவருக்கு அத்தகைய உரிமை இல்லை. இன்றைய பழம் இன்றே புறப்பட வேண்டும். காத்திருக்க முடியாதவர் கேட்ட கட்டணத்தைக் கொடுத்தே ஆகவேண்டும்.

அமெரிக்காவில் சரக்குந்துக் கட்டணம் இரு வகைப்படும். பெரிய வணிக நிறுவனங்கள் நீண்டகாலத்திற்கு முன்கூட்டியே பேசி முடிப்பது ஒப்பந்தக் கட்டணம். அன்றன்றைய நிலைக்கேற்ப அப்போதே பேசுவது உடனடிச் சந்தைக் கட்டணம். அறுவடை பெருகியதும் முதலில் உயர்வது உடனடிக் கட்டணமே. அது ஒப்பந்தக் கட்டணத்தை விஞ்சியதும், சில போக்குவரத்து நிறுவனங்கள் ஒப்பந்தச் சுமைகளை ஏற்க மறுத்துச் சந்தைக்குச் செல்கின்றன. மறுக்கப்பட்ட சுமைகளும் சந்தைக்கே வர, கட்டணம் மேலும் ஏறுகிறது.

வட அமெரிக்கச் சாலைகளில் சரக்குந்துகளை மூன்று நாள் தொடர்ந்து ஆய்வு செய்யும் இயக்கம் ஒன்றும் பெரும்பாலும் மே மாதத்திலேயே நடைபெறுகிறது. ஆய்வில் சிக்கி நாளை இழக்க விரும்பாத சிலர் அந்நாள்களில் வண்டியை எடுப்பதில்லை. அறுவடை உச்சத்தை நெருங்கும் வேளையில் இதுவும் சேர்ந்துகொள்கிறது.

அமெரிக்க வேளாண்மைத் துறை இம்மாற்றங்களை வாரந்தோறும் தொகுத்து வெளியிடுகிறது. ஒவ்வொரு விளைபகுதியிலும் வண்டி கிடைக்கும் நிலையை மிகை, சிறுமிகை, போதுமானது, சிறுபற்றாக்குறை, பற்றாக்குறை என ஐந்து படிகளில் அது குறிக்கிறது. ஒரு பகுதி இப்படிகளில் நகர்வதைப் பார்த்தே அங்கு அறுவடை தொடங்கியதையும் முடிந்ததையும் உணரலாம்.

போகும் சுமையும் திரும்பும் சுமையும்

ஒரு வண்டி ஓரிடத்திற்குச் சுமையோடு சென்று வெறுமையாகத் திரும்பினால் இருவழிச் செலவையும் ஒருவழிக் கட்டணமே ஈடுகட்ட வேண்டும். புளோரிடா மாநிலம் இதற்கு நல்ல சான்று. அது பொருள்களை மிகுதியாக நுகரும் தீபகற்பம். உள்ளே வரும் சுமை மிகுதி. வெளியே செல்லும் சுமை குறைவு. ஆகவே, ஆண்டின் பெரும்பகுதியில் புளோரிடாவிலிருந்து வெளியேறும் வண்டிகளின் கட்டணம் மிகக் குறைவாக இருக்கும். வெறும் வண்டியாகத் திரும்புவதைவிட எரிபொருள் செலவாவது கிடைக்கட்டும் என ஓட்டுநர்கள் ஏற்றுக்கொள்வர்.

வசந்தம் வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. வயல்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் வண்டி கேட்கின்றன. திரும்பும் சுமையாக இருந்ததே முதன்மைச் சுமையாகிவிடுகிறது. வேறு மாநிலங்களில் ஓடிய வண்டிகளும் நல்ல கட்டணத்தை நாடித் தெற்கே வருகின்றன. அதனால் அவ்வண்டிகள் விட்டு வந்த பகுதிகளில் பற்றாக்குறை தோன்றுகிறது. ஒரு மாநிலத்தின் அறுவடை, அங்கு எதுவும் விளைவிக்காத மற்றொரு மாநிலத்தின் போக்குவரத்துச் செலவையும் உயர்த்துவது இவ்வாறுதான்.

ஓட்டுநரின் கடிகாரம்

சலினாசிலிருந்து நியூயார்க் ஏறத்தாழ 4,700 கிலோமீட்டர். அமெரிக்கச் சட்டப்படி ஓட்டுநர் ஒருவர், தொடர்ந்து 10 மணிநேரம் ஓய்வெடுத்த பின் 11 மணிநேரமே வண்டியோட்டலாம். மணிக்குச் சராசரியாக 80 கிலோமீட்டர் எனக் கொண்டால் ஒரு நாளில் 880 கிலோமீட்டர் கடக்கலாம். எனவே, பயணம் ஐந்து நாளுக்கும் மேலாகும். 0° வெப்பநிலையில் லெட்டூசின் ஆயுள் ஏறத்தாழ மூன்று வாரம். 5° ஆனால் இரண்டு வாரமாகச் சுருங்கும். அவ்வாயுளில் கணிசமான ஒரு பகுதி சாலையிலேயே கழிந்துவிடுகிறது. ஓட்டுநர் இருவர் மாறிமாறி ஓட்டினால் மூன்று நாளளவில் சென்றடையலாம். கட்டணமும் அதற்கேற்ப உயரும்.

பணியைத் தொடங்கிய 14 மணிநேரத்திற்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிட வேண்டும் என்பது மற்றொரு விதி. அறுவடை உச்சத்தில் சுமையேற்றும் மேடைகளில் வண்டிகள் நீண்ட வரிசையில் நிற்கும். அங்கே ஐந்து மணிநேரம் கழிந்தால் ஓட்டுவதற்கு எஞ்சுவது ஒன்பது மணிநேரமே. வரிசையில் நிற்கும் வண்டியால் அடுத்த சுமையை ஏற்ற இயலாது. மேடையில் நேரும் காலத்தாழ்வும் வண்டிப் பற்றாக்குறையாக மாறிவிடுகிறது.

காத்திருக்கும் ஆப்பிள்

வாஷிங்டன் மாநிலத்தின் ஆப்பிள் இதற்கு மாறானது. இலையுதிர்காலத்தில் பறித்த பழத்தை, உயிர்வளியைக் குறைத்து வெப்பநிலையைத் தாழ்த்திய அறைகளில் பல மாதங்கள் வைத்திருக்கலாம். கட்டணம் மிகுந்த வாரத்தில் சிறிது அனுப்பி, குறைந்த வாரத்தில் மிகுதியாக அனுப்ப முடியும். வணிகப் பேச்சில் ஆப்பிள் வணிகருக்குக் கிடைக்கும் வலிமை லெட்டூஸ் விளைவிப்பவருக்குக் கிடைப்பதில்லை. கட்டணத்தின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் ஆற்றல், காத்திருக்கும் ஆற்றலைப் பொறுத்தே அமைகிறது.

சுமையைச் சுமப்பவர் யார்?

விளக்கத்திற்காக ஒரு கணக்கைக் காண்போம். ஒரு வண்டியில் 800 பெட்டி லெட்டூஸ் செல்கிறது. கட்டணம் 6,400 டாலர். பெட்டிக்கு 8 டாலர் ஆகிறது. நியூயார்க் சந்தையில் ஒரு பெட்டி 22 டாலருக்கு விற்றால், கட்டணம் போக 14 டாலர் எஞ்சும். அறுத்துப் பெட்டியிலிட்டுக் குளிர்விக்க 11 டாலர் செலவானால் உழவருக்கு 3 டாலர் மிஞ்சுகிறது. உச்சப் பருவத்தில் வண்டிக் கட்டணம் 9,600 டாலராக உயர்ந்தால் பெட்டிக்கு 12 டாலர். இப்போது எஞ்சுவது 10 டாலரே. அறுவடை செய்தால் பெட்டிக்கு 1 டாலர் இழப்பு. உழுது விதைத்து நீர்பாய்ச்சிய செலவு இக்கணக்கில் சேரவில்லை என்பதையும் கருதுக.

கட்டணத்தை நேரடியாகச் செலுத்துபவர் பெரும்பாலும் வாங்கும் வணிகரே. ஆயினும் அவர் அதனைக் கணக்கிட்டே வயலில் விலை கேட்கிறார். மேலும், விளைச்சல் பெருகும் வாரத்தில்தான் சந்தை விலை இறங்குகிறது. அதே வாரத்தில்தான் வண்டிக் கட்டணம் ஏறுகிறது. வளமே உழவரை இருபுறமும் நெருக்குகிறது. அந்நிலையில், நன்கு விளைந்த பயிரை மண்ணிலேயே மடக்கி உழுதுவிடுவது இழப்பைக் குறைக்கும் வழியாகிவிடுகிறது.

குறைந்த கட்டணமும் எல்லோருக்கும் நன்மை தருவதில்லை. அறுவடை மெலியும் காலத்தில், ஓரிரு வண்டிகளை மட்டுமே வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் கடன் தவணைக்கும் டீசலுக்கும் திண்டாடுகின்றனர். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் பெருந்தொற்றால் உணவகங்கள் மூடப்பட்டபோது உடனடிச் சந்தைக் கட்டணம் தாழ்ந்தது. ஆயினும் வாங்குவோர் இன்மையால் புளோரிடாவில் பீன்சும் முட்டைக்கோசும் வயலிலேயே உழப்பட்டன. வண்டியும் விளைபொருளும் இருந்தும், இரண்டையும் உண்போரோடு இணைக்கும் கண்ணி அறுந்துபோனது.

பருவத்தை மாற்ற நம்மால் இயலாது. சுமையேற்றும் நேரத்தை முறைப்படுத்தலாம். வயலருகே குளிர்விக்கும் வசதியைப் பெருக்கலாம். இரு தரப்புக்கும் பொருந்தும் ஒப்பந்தங்களைச் செய்யலாம். இவை ஒவ்வொன்றும் விளைபொருளுக்குச் சில நாள்களையோ சில மணிநேரத்தையோ மீட்டுத் தருகின்றன. அழியும் பொருளை விளைவிப்பவருக்குக் காலமே முதலீடு; அதனைக் காத்துக் கொடுப்பது உணவைக் காப்பதாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ச் சந்தையில் விற்கப்படும் காய்கனிகளுள் சில நாளில் வாடுபவை எவை, பல வாரம் இருப்பவை எவை எனப் பட்டியலிட்டு, அவற்றின் விலை மாற்றங்களை ஒரு மாதம் குறித்து ஒப்பிடுக.

2. 'விளைச்சல் பெருகினால் உழவர் வாழ்வு உயரும்' என்னும் கூற்றைக் கட்டுரைச் செய்திகளின் துணையுடன் ஆராய்ந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.