பையில் மறையும் துப்பாக்கி: வாங்கும் முன் ஒரு வார்த்தை

அமெரிக்காவின் டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவுப் பிஸ்டல்கள் வரிசையாக இருக்கும். சட்டைக்கு அடியிலோ பேன்ட் பையிலோ கைப்பையிலோ வெளியே தெரியாமல் வைத்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டவை அவை. அங்கே குடியேறிய நம்மவர்களிலும் அவற்றை விசாரிக்கிறவர்கள் உண்டு. ராத்திரி நேரத்தில் தனியாகக் கடையை அடைத்துவிட்டு வீடு திரும்புகிறவருக்கும், கல்யாணம் காட்சிக்கு நகை போட்டுக்கொண்டு போய்வரும் குடும்பத்துக்கும் இருக்கும் பயம் நியாயமானதுதான். ஆனால் எது சின்னது, எது லேசானது, எத்தனை தோட்டா பிடிக்கும் என்ற கேள்விகளோடு கடைக்குப் போகிற பலர், அவற்றுக்கெல்லாம் முந்தைய கேள்வியைக் கேட்டுக்கொள்வதில்லை. இதைக் கையில் எடுக்கவே சட்டம் எனக்கு இடம் தருகிறதா?

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 உள்ளிட்ட தற்காலிக விசாக்களில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம். மாநிலச் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இது மாறாது. சொந்தமாக வாங்கினால்தான் குற்றம் என்றும் நினைத்துவிடக் கூடாது. வார இறுதியில் நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய், வாடகைத் துப்பாக்கியை எடுத்து நாலு ரவுண்டு சுட்டுப் பார்ப்பதும் இதில் அடங்கும். தண்டனை 15 ஆண்டு சிறை வரை போகலாம். 2022-ல்தான் அது 10-லிருந்து 15 ஆக உயர்த்தப்பட்டது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் மாநிலச் சட்டம் அதற்குமேல் தடை போட்டிருக்கலாம். வக்கீலைக் கேட்காமல் அந்த விலக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

இது ஏட்டளவில் கிடக்கும் சட்டமல்ல. அமீரகத்திலிருந்து ஃபுளோரிடாவுக்குப் படிக்க வந்த ஒரு மாணவர், மதிப்பெண் போதாமல் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கியவர், ஒருநாள் சுடுதளத்துக்குப் போய் இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்தார். யாரையும் மிரட்டவில்லை, யாருக்கும் காயமில்லை. அதற்கு 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தன் குடியேற்ற நிலை இன்னதென்று அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019-ல் தீர்ப்பானது. ரெஹாயிஃப் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். தீர்ப்பு அவர் பக்கம் சாய்ந்தது, ஆனால் அதற்குள் அவர் வாழ்க்கையில் எத்தனை வருடங்கள் போயின என்று எண்ணிப் பாருங்கள்.

"எனக்குத்தானே விசா தடை? கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர் பேரில் வாங்கிக்கொள்ளலாமே" என்ற யோசனை அதைவிட ஆபத்தானது. தடை உள்ளவருக்காக இன்னொருவர் வாங்குவது தனிக் குற்றம். அதற்கும் 15 ஆண்டு வரை உண்டு. உதவி செய்யப் போன நண்பரையும் சேர்த்து அது மாட்டிவிடும். ஆயுதக் குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருப்பவரையும் நாடு கடத்தலாம்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருப்பவருக்கு வாங்கும் உரிமை உண்டு. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். எஃப்பிஐ மூலம் பின்னணிச் சோதனை நடக்கும். தவறுதலாக உங்களை மறுத்துவிட்டால், கைரேகை கொடுத்து முறையீடு செய்ய வழி இருக்கிறது. அந்தப் படிவத்தில் கஞ்சா பற்றியும் ஒரு கேள்வி வரும். மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்தியச் சட்டத்தில் அது தடைதான் என்று படிவமே எச்சரிக்கிறது. அங்கே பொய் சொல்வது தனி வழக்கு.

வாங்குவது ஒன்று, மறைத்து எடுத்துப் போவது வேறு. 2022-ல் புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தற்காப்புக்காகத் துப்பாக்கியோடு வெளியே செல்வது அடிப்படை உரிமை என்றும், "தனிக் காரணம் காட்டு" என்று நியூயார்க் கேட்டது செல்லாது என்றும் சொன்னது. அதனால் உரிமமே வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா, இல்லினாய் மாநிலங்களில் உரிமம் கட்டாயம். டெக்சாஸ் 2021-லும், ஜார்ஜியா 2022-லும், ஃபுளோரிடா 2023-லும் உரிமமின்றி எடுத்துச் செல்ல அனுமதித்தன. இந்த வித்தியாசம்தான் ஆளைக் கவிழ்க்கிறது. பென்சில்வேனியா உரிமத்தோடு 2013-ல் நியூ ஜெர்சிக்குள் காரில் வந்த ஒரு தாய், போக்குவரத்துச் சோதனையில் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானே போலீஸாரிடம் சொன்னார். அந்த உரிமம் நியூ ஜெர்சியில் செல்லாது. மூன்றரை ஆண்டு கட்டாயச் சிறை அவர் தலைக்குமேல் தொங்கியது. 2015-ல் ஆளுநர் மன்னிப்பு வழங்கிய பிறகுதான் விவகாரம் முழுதாகத் தீர்ந்தது. நியூ ஜெர்சியின் எடிசனிலும் பென்சில்வேனியாவின் ஃபிலடெல்ஃபியாவிலும் சொந்தபந்தங்களை வைத்துக்கொண்டு வாராவாரம் எல்லை தாண்டும் குடும்பங்கள் இதை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

உரிமம் தேவைப்படாத மாநிலத்தில் இருந்தாலும் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1,000 அடி, அதாவது சுமார் 300 மீட்டருக்குள், துப்பாக்கி கூடாது என்று மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு விலக்கு. உரிமமில்லாமல், தோட்டா போட்ட துப்பாக்கியோடு பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடப் போகிறவர் அந்தச் சட்டத்தை மீறுகிறார். அநேகம் பேருக்கு இது தெரியாது.

இனி துப்பாக்கிகளுக்கு வருவோம். கடைக்காரர் சொல்லும் ஒப்பீடு பெரும்பாலும் மறைப்பது எவ்வளவு சுலபம் என்பதோடு நின்றுவிடும். ரூகர் எல்சிபி மேக்ஸ் தோட்டா இல்லாமல் சுமார் 300 கிராம், மேகசினில் 10 தோட்டா. 2018-ல் வந்த சிக் சாவர் பி365 சுமார் 500 கிராம், அதிலும் 10. 2015-ல் வந்த க்ளாக் 43 கிட்டத்தட்ட அதே எடைதான். அதன் மேகசினில் 6 மட்டுமே. ஸ்மித் அண்ட் வெசன் 642 ஐந்து தோட்டா ரிவால்வர், 400 கிராமுக்குச் சற்று மேல். எண்களை மட்டும் பார்த்தால் 300 கிராம் ரூகர்தான் கெட்டிக்காரத் தேர்வு போலத் தெரியும்.

கையில் எடுத்துச் சுட்டுப் பார்த்தால் கதை மாறும். துப்பாக்கி எவ்வளவு லேசோ, உதை அவ்வளவு பலம். பிடி குட்டை என்பதால் சுண்டுவிரலுக்குப் பிடிமானம் இல்லாமல் போகும். குழல் குட்டை என்பதால் குறி பார்க்கும் இரு முனைகளுக்கும் இடையே தூரம் குறைவு. கை சற்று அசைந்தாலே குறி தவறிவிடும். சுடும்போது மணிக்கட்டு தளர்ந்தால் மேல்மூடி (ஸ்லைடு) முழுதாகப் பின்னுக்குப் போகாமல் அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளும். ஆகச் சிறிய துப்பாக்கிதான் பழகாத கைக்கு ஆகக் கடினமான துப்பாக்கி. கடையில் அடிக்கடி நடப்பதோ நேர் எதிர்: முதன்முதலாக வாங்க வரும் பெண்ணிடம், "இது உங்களுக்குச் சரியாக இருக்கும்" என்று இருப்பதிலேயே சின்னதை நீட்டுவார்கள்.

ரிவால்வர் எளிமையானது என்பார்கள். மேல்மூடியை இழுக்க வேண்டாம், சிக்கலும் குறைவு. ஆனால் 642 போன்றவற்றில் விசையை அழுத்த சுமார் ஐந்து கிலோ அழுத்தம் வேண்டும். க்ளாக்கில் அதில் பாதி போதும். விரல் வலு குறைந்தவருக்கு ரிவால்வரில் குறி தவறும்; க்ளாக்கிலோ, வெளியே தனியாகப் பூட்டு விசை கிடையாது, விரல் தவறி விசையை அழுத்தினாலே வெடிக்கும். எனவே விசையை முழுதாக மூடும் கெட்டியான உறை இல்லாமல் இவற்றில் எதையும் பேன்ட் பையில் போடக் கூடாது. அந்தப் பையில் சாவி, கைக்குட்டை எதுவும் இருக்கவே கூடாது.

என் தீர்ப்பு கேட்டால், அரைக் கிலோவை ஒட்டிய 9 எம்எம் பிஸ்டலுக்குக் கீழே புதியவர் போக வேண்டாம். வாங்கும் முன் சட்ட உரிமை உள்ளவர் சுடுதளத்தில் இரண்டு மூன்றை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்கட்டும். மேகசினின் அளவையும் பாருங்கள். நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியாவில் 10-க்கு மேல் பிடிக்கும் மேகசின் சட்டவிரோதம்.

இன்னொரு செய்தி அதிகம் பேசப்படுவதில்லை. அமெரிக்காவில் பொம்மையில் கோளாறு இருந்தால் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் திரும்பப் பெற வைக்கும். துப்பாக்கி அந்த ஆணையத்தின் அதிகாரத்துக்கு வெளியே இருக்கிறது. தயாரிப்பாளர் தானாக அறிவித்தால்தான் உண்டு. 2008-ல் முதல் எல்சிபி பிஸ்டல்கள் கீழே விழுந்தால் வெடிக்கலாம் என்று ரூகர் திரும்பப் பெற்றது. 2013-ல் ஸ்பிரிங்ஃபீல்டு தன் எக்ஸ்டி-எஸ் பிஸ்டலைத் திரும்பப் பெற்றது. எனவே வரிசை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் சரிபாருங்கள். பழைய துப்பாக்கி வாங்கினால் கட்டாயம் பாருங்கள். 2005-ல் வந்த ஒரு மத்தியச் சட்டம் பெரும்பாலான வழக்குகளிலிருந்து தயாரிப்பாளர்களைக் காத்தாலும், உற்பத்திக் கோளாறால் காயம்பட்டவர் வழக்குப் போட அதில் வழி விடப்பட்டிருக்கிறது. அப்படி நேர்ந்தால் துப்பாக்கியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிடாதீர்கள். அதுதான் சாட்சி.

கோளாறில்லாத துப்பாக்கியும் ஆபத்தாகலாம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் ஊர்க் கடை ஒன்றில், துப்பாக்கிக்கென்றே தனி அறை தைத்த கைப்பையைத் தள்ளுவண்டியில் வைத்துவிட்டு ஒரு தாய் பொருள் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் உட்கார்ந்திருந்த அவருடைய இரண்டு வயதுக் குழந்தை ஜிப்பைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, விசையை அழுத்திவிட்டது. தாய் அங்கேயே இறந்தார். அவருக்கு முறையான உரிமம் இருந்தது. கைப்பையில் துப்பாக்கி வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இதற்குமேல் நான் சொல்ல எதுவுமில்லை. உடலோடு ஒட்டிய உறையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் வந்த துப்பாக்கி யாரைக் கொல்கிறது என்பதையும் பாருங்கள். 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அவர்களில் சுமார் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வேலை போன அதிர்ச்சி, பரீட்சைத் தோல்வி, மணமுறிவு, தனிமை எல்லாம் நம் வீடுகளிலும் இருப்பவைதான். நாம் அவற்றை வெளியே சொல்வதில்லை என்பது கூடுதல் ஆபத்து. மற்ற வழிகளில் முயன்றவர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கியில் மறுவாய்ப்பு அநேகமாக இல்லை. வீட்டில் ஒருவர் மனம் ஒடிந்திருக்கிறார் என்று தோன்றினால் துப்பாக்கியை அன்றே வீட்டை விட்டு வெளியே அனுப்புங்கள். சட்டப்படி எங்கே ஒப்படைக்கலாம் என்று உள்ளூர்ப் போலீஸிடமும் துப்பாக்கிக் கடையிலும் கேட்கலாம். 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவு மூலம் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்துவைக்கும் சட்டம் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. ஃபுளோரிடாவும் 2018-ல் கொண்டுவந்தது.

கணவன் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினால், மனைவி எச்-4 விசாவில் இருந்தாலும், விசாவே இல்லாமல் இருந்தாலும், பாதுகாப்பு உத்தரவு கேட்டு நீதிமன்றம் போகலாம். அத்தகைய உத்தரவுக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை 2024-ல் உச்ச நீதிமன்றம் ரஹிமி வழக்கில் உறுதி செய்தது. குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

கைப்பையில் துப்பாக்கி இருப்பதை மறந்துபோய் விமான நிலையத்துக்கு எடுத்துச் செல்வதும் சாதாரணமாக நடக்கிறது. 2024-ல் மட்டும் சோதனைச் சாவடிகளில் 6,600-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் பிடிபட்டன. அநேகமாக எல்லாவற்றிலும் தோட்டா போட்டிருந்தது. அபராதம் பல ஆயிரம் டாலர் வரை போகும், கைதும் உண்டு. சுடுதளத்துக்குக் கொண்டுபோன முதுகுப்பையையே தூக்கிக்கொண்டு சென்னைக்கு விமானம் ஏறாதீர்கள். ஓரத்து ஜிப்பில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும் இந்திய ஆயுதச் சட்டம், 1959-ன் கீழ் வழக்குப் பதிவாகலாம். தெரிந்தே வைத்திருந்தார் என்று நிரூபிக்கப்படாத வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன. அதற்குள் விடுமுறையும் போகும், அமெரிக்காவில் வேலையும் ஆடிப்போகும்.

எங்கே கைதானாலும் பேசாமல் இருக்கவும் வக்கீல் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அமெரிக்காவில் கைதானவர் இந்தியக் குடிமகன் என்றால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். தூதரகத் தொடர்புகள் பற்றிய வியன்னா ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறது. விசாவில் இருக்கும்போது ஏற்கெனவே சுடுதளத்துக்குப் போய்விட்டவர்கள், அடுத்த குடியேற்ற விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். படிவத்தில் மறைக்காதீர்கள்.

துப்பாக்கி வாங்காத குடும்பங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளையை விளையாட நண்பர் வீட்டுக்கு அனுப்பும் முன் அந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்: உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, தோட்டா எடுத்துப் பூட்டி வைத்திருக்கிறீர்களா? கேட்கச் சங்கடமாக இருக்கும். கேட்டுவிடுங்கள்.