உடல் இளைக்க மாத்திரையா?

டைநைட்ரோபீனால் என்பது வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் புழங்கிய மஞ்சள் தூள். 1933-ல் அமெரிக்க டாக்டர்கள் அதை உடல் இளைக்கக் கொடுத்தார்கள். பருமன் குறைந்தது, உண்மைதான். கூடவே உடல் உஷ்ணமும் ஏறியது. சிலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. சிலர் உயிரையே விட்டார்கள். 1938-ல் அதை அரசாங்கம் தடுத்தது.

ஆசை விட்டதா? இல்லை!

பென்டெர்மின் மாத்திரைக்கு அங்கே 1959-ல் அனுமதி கிடைத்தது. அது மூளையைத் தூண்டிப் பசியை அடக்கும். சில வாரங்களுக்குத்தான் சாப்பிடலாம். 1990-களில் அதோடு பென்புளூரமின் என்ற இன்னொன்றையும் சேர்த்து மாதக்கணக்கில் விழுங்கினார்கள். இரண்டுக்கும் தனித்தனியே அனுமதி உண்டு. ஜோடி சேர்க்க அனுமதி இல்லை. 1997-ல் மேயோ ஆஸ்பத்திரி டாக்டர்கள் இதைச் சாப்பிட்ட 24 பெண்களுக்கு இருதய வால்வு கெட்டிருப்பதாக அறிவித்தார்கள். அந்தச் செப்டம்பரிலேயே பென்புளூரமின் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பென்டெர்மின் தப்பியது. அமெரிக்காவில் இன்றும் டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கிறது.

இருதய நோய், தைராய்டு மிகைப்பு, கண் நீர் அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தொடவே கூடாது. மற்றவர்கள் காலையில் சாப்பிட வேண்டும்; மாலையில் சாப்பிட்டால் தூக்கம் போய்விடும். நாளடைவில் பசி திரும்பினால் மாத்திரையைக் கூட்டக் கூடாது, நிறுத்திவிட வேண்டும். மூச்சு வாங்கினாலோ, மார்பு வலித்தாலோ, கால் வீங்கினாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.