ஜீவனாம்ச வழக்கும் இலவச வக்கீல் உதவியும்

காவிரிப் பாசனப் பகுதியில் நெல் களத்துக்கு வந்து சேர்ந்ததும், அதிலிருந்து இன்னாருக்கு இன்னது சேரவேண்டும் என்ற முறை நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. அறுத்தவருக்குக் கூலி உண்டு. நிலத்துக்குரியவருக்குக் குத்தகை உண்டு. கடன் கொடுத்தவரும் களத்து மேட்டுக்கே வந்து நிற்பார். ஆனால், கணவனால் கைவிடப்பட்டுத் தாய் வீட்டுத் திண்ணையில் குழந்தையுடன் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குச் சேரவேண்டிய பங்கைப் பற்றி அங்கே பேசுவோர் அரியர். அந்தப் பங்கு எவருடைய தயவையும் பொறுத்ததன்று. அது சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை. அதைக் கேட்டுப் பெறும் வழியைக் கிராம மக்கள் யாவரும் அறிந்திருத்தல் அவசியமாகையால், அதனை இங்கே விளக்க முற்படுகிறோம்.

சட்டம் கூறுவது யாது?

மனைவி மக்களைக் காப்பாற்றப் போதிய வசதியிருந்தும் அவர்களைப் புறக்கணிப்பவன் மாதந்தோறும் ஜீவனாம்சம் செலுத்தவேண்டும் என்ற விதி நம் நாட்டுக்குப் புதியதன்று. 1898ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் அது 488ஆம் பிரிவாக இருந்தது. 1973ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தில் 125ஆம் பிரிவாயிற்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144ஆம் பிரிவாக இடம்பெற்றிருக்கிறது. 1955ஆம் ஆண்டுத் திருத்தம் மாதம் 500 ரூபாய் என்று விதித்த உச்சவரம்பு, விலைவாசி எவ்வளவோ ஏறிய பின்னரும் மத்தியச் சட்டத்தில் நீடித்து, 2001ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. இப்பொழுது கணவனுடைய வருவாய்க்கும் குடும்பத்தின் தேவைக்கும் ஏற்ப எத்தொகையையும் நீதிமன்றம் விதிக்கலாம்.

தன்னைப் பராமரித்துக்கொள்ள இயலாத மனைவி, மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்யாதிருப்பவள், குழந்தைகள், வயது முதிர்ந்த தாய் தந்தையர் ஆகிய அனைவரும் இப்பிரிவின்படி மனுச் செய்யலாம். முறைப்படியான மணத்தில் பிறந்த குழந்தையா, அன்றா என்ற வேற்றுமையைச் சட்டம் பார்ப்பதில்லை. பெற்றோர் செய்த பிழைக்குக் குழந்தை பட்டினி கிடக்கலாகாது என்பதே இதன் கருத்து.

இது எல்லா மதத்தினருக்கும் பொதுவான சட்டம். 1985ஆம் ஆண்டில் ஷா பானு வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், அதற்கு மறு ஆண்டே நிறைவேறிய தனிச் சட்டமும் பெரிய விவாதத்தை எழுப்பின. மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்களும் இப்பொதுச் சட்டத்தின்படி ஜீவனாம்சம் கோரலாம் என்று 2024 ஜூலை மாதத்தில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தெளிவுபடுத்தியது. நாகூர், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் போன்ற ஊர்களில் வாழும் சகோதரிகள் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

"நடவுக்குப் போய்க் கூலி வாங்குகிறாளே, அவளுக்கு எதற்கு ஜீவனாம்சம்?" என்று வாதிடுவோர் உண்டு. உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ளச் சிறிது சம்பாதிப்பதைக் கொண்டு, ஒருத்தி தன்னைத் தானே பராமரித்துக்கொள்கிறாள் என்று சொல்லிவிட முடியாது என்பது நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ள முடிவு. "எனக்கு நிலமில்லை, வேலையில்லை" என்ற கணவனின் வாதமும் எளிதில் செல்லாது. உடல் வலிமை உள்ளவன் கூலி வேலை செய்தேனும் மனைவி மக்களைக் காப்பாற்றக் கடமைப்பட்டவன் என்று 2022ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே!

உரிமை இருந்தும் பலர் நீதிமன்றத்தின் படியேறாமைக்குக் காரணம் வக்கீல் கட்டணத்தைப் பற்றிய அச்சமே. இவ்வச்சம் தேவையற்றது. ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி அளிப்பது அரசின் கடமை என்று 1976ஆம் ஆண்டில் அரசியலமைப்பில் 39அ பிரிவு சேர்க்கப்பட்டது. அதனை ஒட்டி 1987ஆம் ஆண்டில் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் உதவி உண்டு. இதற்கு வருமான வரம்பு கிடையாது. தாய் வீட்டார் வசதியுள்ளவர்கள் என்பதற்காகவோ, அவள் பெயரில் இரண்டு மா நிலம் இருக்கிறது என்பதற்காகவோ உதவியை மறுக்க இயலாது.

தாலூகாவில் உள்ள நீதிமன்ற வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இயங்குகிறது. மாவட்டத் தலைநகரில் மாவட்ட நீதிபதியின் தலைமையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே சென்று ஒரு மனுக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்வதை அலுவலரே எழுதிக்கொண்டு கைரேகை பெற்றுக்கொள்வார். வக்கீலை நியமிப்பதோடு, நீதிமன்றக் கட்டணம், நகல் எடுக்கும் செலவு முதலியவற்றையும் இவ்வமைப்பே ஏற்கும். இவ்வாறு நியமிக்கப்பட்ட வக்கீல் கட்சிக்காரரிடம் பணம் கேட்கக்கூடாது. கேட்டாலும், வழக்கைக் கவனியாமல் விட்டாலும் செயலாளரிடம் முறையிட்டு வேறு வக்கீலை நியமிக்கும்படி கோரலாம். நேரில் செல்ல இயலாதவர்கள் 15100 என்ற எண்ணில் தொலைபேசியில் ஆலோசனை கேட்கலாம்.

குடும்ப நீதிமன்றம் உள்ள இடங்களில் ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அங்கே வக்கீல் வைத்து வாதாடுவதை எவரும் உரிமையாகக் கோர முடியாது. குடும்ப வழக்குகள் சட்ட நுணுக்கப் போராக மாறிவிடாமல், இரு தரப்பாரும் நேரில் பேசித் தீர்வு காணவேண்டும் என்பது இதன் நோக்கம். ஆயினும், நீதிமன்றத்தின் அனுமதியுடன் வக்கீல்கள் ஆஜராவது வழக்கத்தில் இருக்கிறது. நீதிமன்றமே உதவிக்காக ஒரு வக்கீலை நியமிக்கவும் செய்யலாம். ஆகையால், எதிர்த்தரப்பார் வக்கீலுடன் வந்து நின்றால், "எனக்கும் சட்ட உதவி வக்கீல் வேண்டும்" என்று நீதிபதியிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

எங்கே மனுச் செய்வது?

கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அல்லது சிங்கப்பூருக்கோ வளைகுடா நாட்டுக்கோ போய்விட்டான். அவனைத் தேடிக்கொண்டு அவ்வூருக்கு அலைய வேண்டுமோ என்று பெண்கள் கலங்குகிறார்கள். வேண்டியதில்லை. மனைவி இப்பொழுது குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். குடும்ப நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கேயும், இல்லாத ஊரில் முதல் வகுப்பு நீதித்துறை மாஜிஸ்திரேட்டிடமும் மனுவைக் கொடுக்கவேண்டும். முடிவில் திருப்தியில்லையானால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுச் செய்யலாம். தஞ்சாவூர் மாவட்டத்தினர் இதற்கு 2004ஆம் ஆண்டில் ஏற்பட்ட மதுரைக் கிளைக்குச் செல்லவேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தினர் சென்னைக்குச் செல்லவேண்டும். இரண்டு இடங்களிலும் இலவசச் சட்ட உதவிக் குழு இருக்கிறது.

வழக்கு முடியும் வரை குழந்தை பசியோடு காத்திருக்க முடியாதன்றோ? அதற்காகவே இடைக்கால ஜீவனாம்சம் என்ற ஏற்பாடு இருக்கிறது. எதிர்த்தரப்பாருக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாட்களுக்குள் அம்மனுவை முடிவு செய்யவேண்டும் என்பது விதி. முதல் மனுவோடு சேர்த்தே இதையும் கேட்டுவிடும்படி வக்கீலிடம் சொல்லவேண்டும்.

சேகரிக்க வேண்டிய சான்றுகள்

முதலாவது, மணம் நடந்ததற்கான சான்று. நம் மாநிலத்தில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி திருமணப் பதிவு கட்டாயமாயிற்று. பதிவு செய்யாதவர்கள் அஞ்ச வேண்டாம். ஜீவனாம்ச வழக்கில் மணத்தை மிகக் கடுமையான முறையில் மெய்ப்பிக்கத் தேவையில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் கருத்து. அழைப்பிதழ், புகைப்படம், குடும்ப அட்டை, குழந்தையின் பிறப்புச் சான்று, ஊராரின் சாட்சியம் ஆகியவை உதவும். புரோகிதர் இன்றி, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ நடத்திய சுயமரியாதைத் திருமணங்களும் நம் மாநிலத்தில் இந்துக்களிடையே செல்லுபடியாகும். இதற்கென 1967ஆம் ஆண்டில் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது.

இரண்டாவது, கணவனின் வருவாய்க்கான சான்று. நெல் விளையும் பூமியில் இதுவே கடினமான பகுதி. நிலம் தகப்பனார் பெயரில் இருக்கும். சாகுபடி செய்வது மகனாக இருக்கும். குத்தகை வாய்ப்பேச்சில் இருக்கும். 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த முக்கியமான தீர்ப்பு இக்கடினத்தைப் பெரிதும் குறைத்திருக்கிறது. இரு தரப்பாரும் தம் சொத்து, வருவாய், கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்கவேண்டும் என்று அத்தீர்ப்பு விதித்தது. விவசாயக் குடும்பத்தாருக்கென நில அளவு, பயிர், விளைச்சல், கால்நடை முதலியவற்றைக் கேட்கும் தனிப் படிவத்தையும் வகுத்தது. ஜீவனாம்சம் மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படவேண்டும் என்றும் கூறியது.

கணவன் தருகின்ற கணக்கைச் சரிபார்க்க நமக்கும் வழிகள் உண்டு. பட்டா, சிட்டா நகல்கள் கிடைக்கும். எந்த நிலத்தில் என்ன பயிர் என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குறுவையோ சம்பாவோ விற்ற நெல்லுக்குரிய பணம் வங்கிக் கணக்கில் வரவாகிறது. அக்கணக்கைத் தாக்கல் செய்யும்படி உத்தரவிடக் கோரலாம். வெளிநாட்டில் இருப்பவன் வீட்டுக்கு அனுப்பும் பணமும் அவ்வாறே வங்கி ஏட்டில் பதிவாகியிருக்கும்.

பஞ்சாயத்துச் சீட்டில் எச்சரிக்கை

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, "இருவரும் மனம் ஒப்பிப் பிரிந்து வாழ்கிறோம், இனி ஒருவர்மேல் ஒருவருக்குக் கோரிக்கை இல்லை" என்று எழுதி வாங்கிவிடுவது சில இடங்களில் இன்னும் நடைபெறுகிறது. அவர்கள் எண்ணம் நல்லதாகவே இருக்கலாம். ஆயினும், அதில் உள்ள இடரைச் சொல்லியாக வேண்டும். பரஸ்பர சம்மதத்தின்பேரில் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று இதே 144ஆம் பிரிவு கூறுகிறது. அந்த ஒற்றைக் காகிதமே பின்னாளில் அவளுக்கு எதிராக நீட்டப்படும். அதே சமயம், வழக்காறு நிரூபிக்கப்பட்டாலன்றி, அச்சீட்டு இந்துக்களுக்குச் சட்டப்படியான மணவிலக்கும் ஆகாது. குழந்தையின் உரிமையையோ தாய் எழுதிக் கொடுத்துத் தீர்த்துவிட முடியாது. ஆகவே, சட்ட உதவி வக்கீலிடம் காட்டாமல் எக்காகிதத்திலும் கையெழுத்திடலாகாது. சமாதானமே விருப்பமானால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே ஏற்படும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது. அதன்மேல் அப்பீல் கிடையாதாகையால், தொகையை நன்கு எண்ணிப் பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

உத்தரவுக்குப் பின்னர்

உத்தரவு கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது தவறு. பணம் வராவிட்டால் நீதிமன்றம் தானே தேடிச் சென்று வசூலிப்பதில்லை. நாம் மனுச் செய்யவேண்டும். அபராதத்தை வசூலிக்கும் முறையிலேயே இத்தொகையையும் வசூலிக்கலாம். ஜப்தி செய்யலாம், கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கவும் உத்தரவிடலாம். அதன் பின்னும் செலுத்தாதவனுக்கு ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். சிறைக்குச் சென்று வந்ததால் கடன் தீர்ந்துவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

ஆனால், ஒரு கெடுவை மறக்கலாகாது. தொகை செலுத்த வேண்டியதாகிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூல் மனுக் கொடுக்கவேண்டும். "குறுவை முடியட்டும், தருகிறேன்", "சம்பா அறுவடை ஆகட்டும்" என்ற வார்த்தையை நம்பி இரண்டு போகம் காத்திருந்தால், பழைய பாக்கியை இவ்வழியில் வசூலிக்கும் வாய்ப்புக் கைநழுவிவிடும். காலத்துக்குள் ஒருமுறை மனுக் கொடுத்துவிட்டால், பின்னர் சேரும் பாக்கியையும் அதிலேயே சேர்த்துக் கேட்கலாம். ஆகையால், ஒவ்வொரு மாத வரவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரவேண்டும். வங்கிக் கணக்கு மூலம் பெறுவது இன்னும் நல்லது.

கொடுமைக்கு ஆளானவர்கள் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதுகாப்பு அலுவலர் மூலம் பாதுகாப்பும், குடியிருக்கும் உரிமையும், பண உதவியும் கோரலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது. ஒரு சட்டத்தில் பெற்ற தொகையை மற்றொரு வழக்கில் மறைக்காமல் தெரிவிக்கவேண்டும்.

மகளிர் சுய உதவிக் குழுவினரும், அங்கன்வாடிப் பணியாளர்களும், ஊராட்சி உறுப்பினர்களும் இத்துறையில் செய்யக்கூடிய தொண்டு பெரிது. தம் ஊரில் கைவிடப்பட்ட பெண் எவரேனும் இருந்தால், அவரை வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். முதல் நாள் துணைக்கு ஒருவர் உடன் வந்தால், மறுமுறை அவரே தனியே சென்று வருவார். கடைமடை வரை நீர் பாய்ந்தால்தான் பாசனம் நிறைவெய்தியது என்கிறோம். சட்டத்தின் பயனும் கடைசித் தெருவில் இருக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் போய்ச் சேரவேண்டும். அதற்கு வாய்க்கால் வெட்டும் வேலை கிராமத்தார் ஒவ்வொருவருடையதுமாகும்.