ஆட்டிசத்துக்கான சான்றுசார் கல்வி

ஆட்டிசத்துக்கான சான்றுசார் கல்வி என்பது, ஆட்டிசம் உடையோருக்குக் கற்பிப்பதற்கும் துணைநிற்பதற்கும் உரிய முறைகளை, முறையான ஆய்வில் பயன் தந்தவையா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு குழந்தையிடத்தும் அவற்றின் விளைவை அளந்து பின்பற்றும் அணுகுமுறை ஆகும். ஆய்வு முடிவுகளுடன், ஆசிரியரின் பட்டறிவும் குழந்தை, குடும்பம் ஆகியோரின் விருப்பமும் இதில் கருதப்படும்.

ஆட்டிசம் தமிழில் மதியிறுக்கம், மன இறுக்கம், புற உலகச் சிந்தனைக் குறைபாடு எனப் பலவாறு வழங்கப்படுகிறது. இது மனத்தின் இறுக்கமும் அன்று, தொற்றும் நோயும் அன்று. பிறப்பு முதலே மூளை வளரும் விதத்தில் காணப்படும் வேறுபாடு. எனவே இக்கட்டுரையில் ஆட்டிசம் என்ற சொல்லே பயன்படுத்தப்படுகிறது.

சான்றின் தேவை

லியோ கானர் 1943 இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக விவரித்தது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தாயின் பாசக் குறைவே இதற்குக் காரணம் என்ற கருத்து மேலைநாட்டு மருத்துவர் பலரிடம் நிலவியது. ஆட்டிசம் உடைய மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்டு ரிம்லாண்டு 1964 இல் எழுதிய நூலில் இதனை வலுவாக மறுத்தார். எந்தச் சான்றும் இல்லாத ஒரு கருத்துக்காக எண்ணற்ற தாய்மார் பழி சுமந்தனர்.

பெற்றோரின் கண்முன் குழந்தை முன்னேறுவதே போதிய சான்று ஆகாதா என்ற கேள்வி இயல்பானது. செக்ரெட்டின் என்னும் குடற்சுரப்பு நீரின் கதை இதற்கு விடை தரும். இதனை ஊசிவழி பெற்ற ஒரு குழந்தை பேசத் தொடங்கியதாக 1998 இல் அமெரிக்காவில் செய்தி பரவ, ஆயிரக்கணக்கான பெற்றோர் அதனைத் தேடி அலைந்தனர். 1999 இல் வெளியான ஆய்வொன்றில், குழந்தைகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குச் செக்ரெட்டினும் மற்றதற்கு வெறும் உப்புநீரும் செலுத்தப்பட்டன. எவருக்கு எது என்பது பெற்றோருக்கும் மதிப்பிடுவோருக்கும் தெரியாது. இரு குழுக்களிலும் முன்னேற்றம் காணப்பட்டது. இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. மூன்று வயதுக் குழந்தை எந்தச் சிகிச்சையும் இன்றியே சில மாதங்களில் வளர்கிறது, பெற்றோரின் நம்பிக்கையும் சிறு மாற்றங்களைப் பெரிதாகக் காட்டுகிறது. இம்முடிவு தெரிவிக்கப்பட்ட பின்னரும் பெற்றோரில் பெரும்பாலோர் செக்ரெட்டினில் ஆர்வம் காட்டினர் என்பது அவ்வாய்வின் மிகத் துயரமான செய்தி.

முறைகள்

நடத்தைப் பகுப்பாய்வு முறையே மிகப் பழையதும் மிகுந்த விவாதத்துக்கு உள்ளானதும் ஆகும். ஒரு திறனைச் சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் ஊக்கமளித்துக் கற்பிப்பது இதன் அடிப்படை. இவார் லோவாசு 1987 இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் பொதுப்பள்ளியில் இயல்பாகப் பயின்றனர் எனக் குறிப்பிட்டார். ஆயினும் அங்கே குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. அத்துணை பெரிய பயன் பின்வந்த ஆய்வுகளில் உறுதியாகவும் இல்லை. 'வாரம் 40 மணி நேரம்' என்ற எண் மட்டும் இன்றும் பெற்றோரை அச்சுறுத்திக்கொண்டிருக்கிறது.

வட கரோலினாவில் 1972 இல் தொடங்கிய டீச் திட்டம், குழந்தையை மாற்றுவதைவிடச் சூழலை மாற்றுவதை முதன்மையாகக் கொள்கிறது. அன்றைய வேலைகளைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுதல், ஒவ்வொரு வேலைக்கும் தனி இடம் ஒதுக்குதல் ஆகியவை இதன் கூறுகள். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்தால் குழந்தையின் பதற்றம் குறையும் என்பது இதன் அடிப்படை எண்ணம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை; நாட்காட்டித் தாளின் பின்புறம் வரைந்த படங்களே போதும்.

நம் நாட்டுக்கு மிக ஏற்றதாகத் தோன்றுவது பெற்றோர்வழிப் பயிற்சி. பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதைக் காணொளியாகப் பதிந்து, பயிற்றுநர் அதனைப் பெற்றோருடன் சேர்ந்து பார்ப்பார். குழந்தை பொம்மை வண்டியின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போது "இது என்ன நிறம்?" என்று வினவுவதை விடுத்து, அதன் கவனம் இருக்கும் இடத்திலேயே தாமும் அமர்ந்து "சுத்துது" என்று கூறிவிட்டுக் காத்திருக்கப் பெற்றோர் கற்கின்றனர். 152 குழந்தைகளைக் கொண்டு இங்கிலாந்தில் நடைபெற்ற இத்தகைய ஆய்வு 2010 இல் வெளியாயிற்று. அம்முறையைத் தெற்காசியாவுக்கு ஏற்பத் திருத்தி, கோவாவிலும் பாக்கித்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்த ஆய்வு 2016 இல் வெளிவந்தது. இதில் பயிற்சியளித்தோர் சிறப்பு வல்லுநர்கள் அல்லர், பயிற்றுவிக்கப்பட்ட நலப்பணியாளர்களே. பெற்றோர் குழந்தைக்கு இசைந்து பதிலளிப்பது கூடியது, குழந்தை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. இருவரும் ஒரே பொருளில் கவனம் செலுத்தும் நேரமோ குறைந்தது. நல்ல ஆய்வு தனக்குச் சாதகமற்றதையும் இவ்வாறு மறைக்காமல் கூறும்.

தமிழ்ச் சூழலில் தொடர்பாடல்

பேச்சு வராத குழந்தைக்குப் படஅட்டை கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. ஆய்வுகள் இதனை ஆதரிக்கவில்லை. சில குழந்தைகளுக்குப் படஅட்டைகளுக்குப் பின்னர் பேச்சு சற்றுக் கூடியும் உள்ளது. சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய ஆவாஸ் என்னும் கருவி, கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர் அமைப்பின் துணையுடன் வளர்ந்தது. படத்தைத் தொட்டால் அது அச்சொல்லை ஒலிக்கும்.

ஆங்கிலத்தில் உருவான அட்டைகளைத் தமிழில் அப்படியே பயன்படுத்துவதில் இடர் உண்டு. ஆங்கிலத்தில் 'வேண்டும்' என்பதற்கான அட்டை பொருளுக்கு முன் வரும். தமிழில் "பந்து வேணும்" எனப் பின்னரே வரும். அட்டையில் ஏட்டுத்தமிழில் 'வேண்டும்' என்று எழுதி ஒலிக்கச் செய்தால், வீட்டில் எவரும் பேசாத ஒரு மொழியைக் குழந்தை கற்க நேரிடும். வீட்டில் தமிழை நிறுத்தி ஆங்கிலம் மட்டுமே பேசுமாறு பெற்றோருக்கு அறிவுரை கூறப்படுவதும் உண்டு. இருமொழிச் சூழல் ஆட்டிசம் உடைய குழந்தையின் மொழி வளர்ச்சியைக் கெடுக்கிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியின் மொழியை இழப்பது குழந்தைக்குச் சிறிய இழப்பு அன்று.

கேளம்பாக்கம், முட்டுக்காடு

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் சாலை வழியே கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்து, வடக்கே சென்றால் முட்டுக்காடு வரும். பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இங்குள்ளது. சுருக்கமாக நிப்மெட் எனப்படும் இது, 2005 இல் இந்திய அரசின் சமூகநீதி அமைச்சகத்தின் கீழ் தொடங்கப்பட்டது. சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி, உளவியல் மதிப்பீடு முதலியவை இங்கு வழங்கப்படுகின்றன. சிறப்பாசிரியர் பயிற்சியும் நடைபெறுகிறது. பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கான தொடக்கநிலைத் தலையீட்டு மையங்கள் நாட்டில் 14 இடங்களில் 2021 சூனில் திறக்கப்பட்டபோது, இந்நிறுவனமும் ஒன்றைப் பெற்றது.

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் பேருந்து மாறி இங்கு வரும் தாய்க்கு ஒரு முறை வந்துசெல்லவே பெரும்பாலும் ஒரு நாள் கழியும். நாட்கூலிக் குடும்பத்தில் அது ஒரு நாள் வருமானம். எனவே, மையத்தில் கழியும் ஒரு மணி நேரத்தைவிட, அங்கே கற்றது வீட்டில் குளிக்கும்போதும் உண்ணும்போதும் தொடர்கிறதா என்பதே முதன்மையான வினா. பெற்றோர்வழிப் பயிற்சி குறித்த ஆய்வுகள் இப்பகுதிக்கு முக்கியத்துவம் பெறுவது இதனாலேயே.

மதிப்பீட்டுக்கு, 2009 இல் வெளியான இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல் பயன்படுகிறது. 40 கூற்றுகள் ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை மதிப்பிடப்படும். 70க்குக் கீழ் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை மிதமானது. 107 முதல் 153 வரை நடுத்தரமானது. அதற்கு மேல் கடுமையானது. இது சான்றிதழ் பெற உதவும். குழந்தைக்கு நாளை எதைக் கற்பிப்பது என்பதை இவ்வெண் கூறாது. அதற்குத் தனி மதிப்பீடு தேவை.

சான்றற்ற சிகிச்சைகள்

உதவியாளர் கையைப் பிடிக்கக் குழந்தை தட்டச்சு செய்யும் முறை ஒரு காலத்தில் பெரிதும் போற்றப்பட்டது. குழந்தைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறு படமும் காட்டிச் சோதித்தபோது, தட்டச்சானது உதவியாளர் கண்ட படத்தின் பெயரே. அமெரிக்க உளவியல் கழகம் 1994 இல் இம்முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என அறிவித்தது. உடலிலிருந்து உலோகத்தை நீக்குவதாகக் கூறும் மருந்தால் 2005 இல் அமெரிக்காவில் ஆட்டிசம் உடைய ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான்.

இந்தியாவில் குடும்பங்களின் சேமிப்பைக் கரைப்பது குருத்தணுச் சிகிச்சை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுநெறிகள், சில குருதி நோய்களுக்கு அப்பால் இதனை ஆய்வுக்கு வெளியே வழங்கலாகாது என்கின்றன. தேசிய மருத்துவ ஆணையமும் 2022 இல் ஆட்டிசத்துக்கு இதனைப் பரிந்துரைக்கவில்லை எனத் தெரிவித்தது. 'முழுமையாகக் குணப்படுத்துவோம்' என்னும் விளம்பரத்தைக் கண்டால், எத்தனை குழந்தைகளிடம், எந்தக் குழுவுடன் ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது என்று வினவலாம்.

விமர்சனங்கள்

ஆட்டிசம் உடைய பெரியவர்கள் பலர், தம்மைப் 'பிறரைப்போல்' தோன்றச் செய்வதே சில பயிற்சிகளின் நோக்கமாக இருந்தது எனக் கூறுகின்றனர். கண்ணைப் பார்க்குமாறு வற்புறுத்துவதும், கைகளை அசைப்பதைத் தடுப்பதும் எடுத்துக்காட்டுகள். லோவாசின் தொடக்ககால முறைகளில் தண்டனையும் இடம்பெற்றது. இளம் குழந்தைகள் குறித்த 150 ஆய்வறிக்கைகளைத் தொகுத்து 2020 இல் வெளியான பகுப்பாய்வு, கண்டிப்பான ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பல முறைகளுக்குச் சான்று மெலிந்துவிடுவதைக் காட்டியது. சான்று உண்டு என்ற சொல்லையும் இவ்வாறு அளந்தே பயன்படுத்த வேண்டும்.

சட்டமும் பெரியவர்களும்

1999 இன் தேசிய அறக்கட்டளைச் சட்டமே ஆட்டிசத்தைப் பெயர் சுட்டி ஏற்ற முதல் இந்தியச் சட்டம். 18 வயதுக்கு மேற்பட்டோருக்குச் சட்டமுறைப் பாதுகாவலரை நியமிக்கவும் இது வழிசெய்கிறது. இதன்கீழ் உள்ள நிராமயா காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கும். 2016 இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறைந்தது 40 விழுக்காடு பாதிப்புடைய 6 முதல் 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு அருகமைப் பள்ளியிலோ அவர்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உரிமையாக்கியது. அரசுப் பணிகளில் ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவுகளுக்கு ஒரு விழுக்காட்டு ஒதுக்கீடும் தந்தது.

ஆயினும் ஆய்வுகளில் மிகப் பெரும்பகுதி சிறு குழந்தைகளைப் பற்றியவை. பள்ளி முடித்த இளைஞருக்கு எழுத்தில் தரப்படும் பணிக்குறிப்பு, இரைச்சல் குறைந்த இடம், மாற்றத்தை முன்கூட்டியே அறிவித்தல் ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. பெற்றோர் முதுமையுற்ற பின்னர் அவர் எங்கே, எவருடன் வாழ்வார் என்பது குறித்த ஆய்வுகள் மிகச் சிலவே.