மில்லர் என்றொரு பெயர்

மில்லர்னா மாவு அரைக்கிறவர். ஜெர்மன்காரர்களின் முல்லரும் அதேதான். தொழிலே குடும்பப் பெயராக ஒட்டிக்கிச்சு. ஆனா எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே திருகைதான் ஞாபகம் வருது.

அன்றைய இங்கிலாந்தில் பல ஊர்களில் குடியானவர்கள் பண்ணைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்கணும். கூலியாகத் தானியத்தில் ஒரு பங்கு போயிடும். அளவில் கைவைக்கிறவர்னு மில்லருக்குக் கெட்ட பேரு வேற. பாவம், அவரும் பெரும்பாலும் ஆலையைக் குத்தகைக்கு எடுத்தவர்தான்.

செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் நிலமும் ஆலையும் கிறிஸ்தவ மடத்துக்குச் சொந்தம். 1330களில் மடத்தின் தலைவர் ரிச்சர்ட், வீட்டில் அரைக்கக் கூடாதென்று ஜனங்களின் திருகைக் கற்களைப் பிடுங்கி மடத்துத் தரையில் பதித்துவிட்டார். ஜனங்க மறக்கல. 1381 உழவர் கிளர்ச்சியில் உள்ளே புகுந்து, அந்தத் தரையைப் பெயர்த்து, கற்களை உடைத்து ஆளுக்கொரு துண்டாகப் பங்கிட்டுக்கிட்டாங்க.