அனகாபுத்தூர் நெசவும் அந்நிய நாட்டுச் சோதனையும்

பல்லாவரத்திற்குச் சமீபத்தில் அடையாற்றங்கரையிலுள்ள அனகாபுத்தூர், நெசவிற்குப் பேர்போன ஊர் என்பதை நம்மிற் பலர் அறிவர். சென்ற நூற்றாண்டில் இங்கு நெய்யப்பெற்ற ‘ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீப்’ என்னும் கட்டம்போட்ட துணி, கடல் கடந்து நைஜீரியா தேசத்திற்குச் சென்றது. அத்தேசத்துக் கலபாரி ஜனங்கள் இத்தகைய துணியைத் தொட்டும் முகர்ந்தும் பார்த்தே அசலென்று துணிவர். பின்னர் அத்தேசத்தார் அந்நியத் துணிகளின் இறக்குமதியைத் தடுக்கவே, அனகாபுத்தூரிற் பல தறிகள் ஓய்ந்தன. எஞ்சிய நெசவாளருட் சிலர் இன்று வாழைநார், சணல் முதலியவற்றைப் பருத்தியோடு சேர்த்துப் புதுவகைத் துணிகளை நெய்து வருகின்றனர்.

இத்துணிகள் அந்நிய நாட்டுக் கடைகளை அடையவேண்டுமாயின், கையாற் செய்யும் சோதனை மாத்திரம் போதாது. அசோ சாயங்களிற் சில, சிதைந்து புற்றுநோய் விளைக்கக்கூடிய அமின்களை வெளிவிடும். உடலில் நெடுநேரம் படும் துணிகளில் அத்தகைய அமின் கிலோ ஒன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்று ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் வருஷத்தில் விதித்தது. இந்திய அரசாங்கமும் 1997இல் இத்தகைய சாயங்களுக்குத் தடை விதித்தது. சாயம் நிலைக்கின்றதா என்பதும் சோதிக்கப்படும். சாயத்துணியை வெள்ளைத்துணியோடு சேர்த்துத் துவைத்து, நிறம் மங்குவதையும் கறை படிவதையும் 1 முதல் 5 வரை மதிப்பிடுவர். 5 என்பதே உத்தமம்.

இவ்விதிகள் நியாயமானவையே. ஆயினும் இவற்றின் பாரம் யார்மேல் விழுகின்றது என்பதை நாம் ஆலோசித்தல் வேண்டும். சோதனைக் கட்டணம் மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்பதேயன்றிக் கஜக்கணக்கன்று. ஆலைக்காரர் ஒரே தொட்டியிற் சாயமேற்றிய பதினாயிரம் கஜத்திற்கு ஒரு மாதிரி போதும். பத்து வீட்டார் பத்துப் பாத்திரங்களில் தனித்தனியே சாயமேற்றினாலோ, ஒருவர் மாதிரி மற்றொருவர் துணிக்குச் சாட்சியாகாது. பத்துச் சோதனைகள் வேண்டும். ஆகவே ஏழை நெசவாளர் பின்தங்குவது கைத்திறன் குறைவினாலன்று.

இதற்குப் பரிகாரம் கூட்டுறவே. பலர் சேர்ந்து பொதுச் சாயச்சாலை ஒன்று அமைத்து, உள்ளிருப்பது இன்னதென்று அத்தாட்சி பெற்ற சாயங்களையே வாங்கி, தொகுதி எண், தேதி, அளவு ஆகியவற்றைப் புத்தகத்திற் பதிந்து, நூலைப் பங்கிட்டுக்கொள்ளலாம். அப்போது ஒரு சோதனையின் செலவு பலருக்கும் பகிரப்படும். 1963ஆம் வருஷச் சட்டத்தால் ஏற்பட்ட டெக்ஸ்டைல்ஸ் கமிட்டி இத்தகைய சோதனைச் சாலைகளை நடத்துகின்றது.

நெய்யுந் தொழிலை நெசவாளருக்குக் கற்பிக்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் ரசாயனமும் கணக்கும் நாம் கற்றவை. தாம்பரத்திலிருந்து அனகாபுத்தூர் தூரமுமன்று.