கண்காட்சி முடிஞ்சாலும் லிஸ்ட் பேசும்!

1961 அக்டோபர். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான ‘மோமா’வில் ஹென்றி மத்தீஸின் கடைசிக்காலப் படைப்புகள் காட்சிக்கு வந்தன. அதில் ஒன்று ‘லெ பத்தோ’. ஒரு பாய்மரப் படகு, தண்ணீரில் தெரியும் அதன் பிம்பம், அவ்வளவுதான். ஆனால் படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள்! 47 நாள் அப்படியே தொங்கியது.

பார்வையாளராக வந்த ஒரு பெண்ணுக்குத்தான் சந்தேகம் வந்தது. படகைவிட அதன் பிம்பத்துக்கு ஓவியர் ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? கண்காட்சியின் கேட்டலாக்கை வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். சந்தேகம் சரிதான். கேட்டலாக் மட்டும் கையில் இல்லையென்றால், அவர் சொன்னதை யார் நம்பியிருப்பார்கள்?

பழைய சினிமாவைத் திரும்பப் பார்க்கலாம். கண்காட்சியை முடியாது. சில வாரங்களில் ஓவியங்கள் அவரவர் உரிமையாளர்களிடம் போய்விடும், சுவருக்குப் புது பெயின்ட் அடித்துவிடுவார்கள். மிஞ்சுவது காகிதம்தான்: என்னென்ன வைத்தார்கள் என்ற பட்டியல், அரங்கின் போட்டோக்கள், பத்திரிகைக் குறிப்பு, கேட்டலாக்.

மோமா இவற்றை 2016 செப்டம்பரில் இணையத்தில் திறந்துவிட்டது. 1929-ல் நடந்த முதல் கண்காட்சி தொடங்கி 3,500-க்கும் மேற்பட்ட கண்காட்சிகள், சுமார் 33,000 போட்டோக்கள். எல்லாமே இலவசம். அதற்குமுன் இதையெல்லாம் பார்க்க ஆய்வாளர்கள் ஆவணக் காப்பகத்துக்கே போகணும்.

சரி, பழைய லிஸ்ட்டை வைத்து என்ன செய்வது?

முதல் விஷயம், சொத்து. பட்டியலில் ஓவியத்தின் பெயருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ‘இரவல் கொடுத்தவர்’ யார் என்றும் இருக்கும். நாஜிக்கள் யூதக் குடும்பங்களிடமிருந்து பறித்த ஓவியங்களைத் தேடுபவர்களுக்கு அந்த ஒரு வரி தங்கம். 1933-க்கும் 1945-க்கும் இடையில் படம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற சங்கிலியில் ஒரு கண்ணி அங்கே கிடைக்கலாம். 1998-ல் 44 நாடுகள் ஏற்றுக்கொண்ட வாஷிங்டன் கோட்பாடுகள், இத்தகைய ஆவணங்களை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடச் சொல்கின்றன. ஆனால் சில பட்டியல்களில் ‘தனியார் சேகரிப்பு’ என்று மட்டும் இருக்கும். தேடிவந்தவருக்கு அதோடு கதவு மூடிவிடும்.

இன்னொன்று, யாருக்கு இடம் கிடைத்தது என்ற கணக்கு. 1984-ல் மோமா நடத்திய சமகால ஓவிய, சிற்பக் கண்காட்சியில் 160-க்கும் மேற்பட்ட கலைஞர்கள். அதில் பெண்கள் 13 பேர்தான் என்று எண்ணிச் சொல்லித்தான் அடுத்த ஆண்டு ‘கொரில்லா கேர்ள்ஸ்’ குழு களத்தில் இறங்கியது. “பெண்களை ஒதுக்குறாங்க” என்று சொன்னால் மறுத்துவிடலாம். எண்ணிக் காட்டினால்? இப்போது அதே எண்ணும் வேலையை மொபைலில் யாரும் செய்யலாம்.

நமக்கும் அங்கே ஒரு பக்கம் இருக்கு. 1955-ல் இந்தியத் துணிகளுக்கும் அணிகலன்களுக்கும் மோமா பெரிய கண்காட்சி வைத்தது. அரங்கை வடிவமைத்தவர் அலெக்சாண்டர் ஜிரார்ட். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ உலகிலேயே முதன்முதலாகத் திரையிடப்பட்டதும் அந்த ஆண்டு மே மாதம், அதே மோமாவில்தான். ‘இந்தியா 1955’ என்று அந்தத் தளத்தில் தேடிப்பாருங்கள். உயரத்திலிருந்து தொங்கும் சேலைகளின் போட்டோக்கள் கறுப்பு வெள்ளையில் இருக்கும். என்ன நிறம் என்பதை மட்டும் நாமாக யோசித்துக்கொள்ளணும்.